நாற்பத்தொரு கட்டு

நாற்பத்தொரு பிழைகள் என்று அந்தத் தாளின் தலைப்பில் இருந்தது. கீழே ட, ப, ம, ய, வ என்று எழுத்துகள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம் என்ற கணக்கு. அடியில் ஒரு பத்தி. அதற்கும் அடியில் சென்னியம்மாள் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கோடு.

கொண்டுவந்தவர் ஆனந்தகுமார், சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறைப் பேராசிரியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கெட்டுப்போன பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்து மறுபடி ஓடவைப்பது அவருடைய கிறுக்கு. அந்த வகையில் கிடைத்ததுதான் ‘சேர்வராயன்’. 1987இல் சுவாமிநாதன் என்ற பொறியாளர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் கட்டிய கம்ப்யூட்டர். வீட்டு டிவியில் மாட்டினால் திரையில் தமிழ் வரும். சுமார் இருநூறு பெட்டிகள் செய்தார். நாலு வருடத்தில் கடையை மூடினார். அவர் இறந்த பிறகு மகள் சௌந்தர்யா பரணில் கிடந்த பெட்டிகளை ஆனந்தகுமாரிடம் கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு கம்ப்யூட்டரும், கட்டம்போட்ட தாள்களின் அடுக்கு ஒன்றும் இருந்தன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் ‘செ’ என்று ஒரே ஓர் எழுத்து. கடைசித் தாளின் பின்பக்கத்தில் சென்னியம்மாளின் வெண்ணந்தூர் முகவரி.

“சேர்வராயன் எழுத்தை இன்டர்நெட்ல போடப்போறோம்மா. யார் வேணும்னாலும் எடுத்து செல்லுல, கம்ப்யூட்டர்ல பயன்படுத்திக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை ஃபேர்லேண்ட்ஸ்ல கண்காட்சி. அதுக்கு முன்னாடி உங்க சம்மதம் ஒண்ணு வேணும்.”

சென்னியம்மாள் அடியிலிருந்த பத்தியைப் படித்தார். எழுத்துகளை வடிவமைத்தவர் சுவாமிநாதன். அவற்றைக் கட்டத்தாளில் படியெடுத்து உதவியவர் சென்னியம்மாள். மேற்கண்ட பிழைகள் படியெடுக்கும்போது நேர்ந்தவை. அவற்றைத் திருத்தி வெளியிடச் சம்மதம்.

“புரியுதுங்களாம்மா? எழுத்துங்கறது சின்னச் சின்னப் புள்ளியால ஆனது. பிக்சல்னு சொல்வோம். ஒவ்வொரு கட்டத்திலயும்...”

“பதினாலு வருசமா பக்கத்து ரூம்ல அதைத்தானுங்க சார் பண்ணிக்கிட்டிருக்கறேன்” என்றார் சென்னியம்மாள்.

கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய கணவர், தறிக்காரர் மாதேஸ்வரன், தலையைத் தூக்காமலே சிரித்தார். “வாத்தியாருக்கே பாடம் எடுக்கறீங்க போங்க.”

பொய்யில்லை. அறுபது வயதிலும் சென்னியம்மாளின் பிழைப்பு அதுதான். சுற்றுவட்டாரத் தறிக்காரர்களுக்குச் சேலை பார்டரும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறார். முன்னே கட்டத்தாளில் சிவப்பு மை, இப்போது திரையில் சிவப்புக் கட்டம். பழைய தாளுக்காக ஏங்குகிற ஆள் அவரில்லை. தாளில் ஒரு கட்டம் தப்பினால் வெள்ளை பூசி, காய விட்டு, மறுபடி பூச வேண்டும். அந்தச் சனியன் தொலைந்ததே என்றுதான் சொல்வார்.

“பிழைன்னு எதைச் சொல்றீங்க?”

ஆனந்தகுமார் மடிக்கணினியைத் திறந்து ‘ட’வைப் பெரிதாக்கிக் காட்டினார். இடப்பக்கம் ஒரு நிமிர்ந்த கோடு. அதன் அடியிலிருந்து வலப்பக்கம் ஓடும் படுகோடு. படுகோட்டின் நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலி.

“ஓட்டை பாருங்க. ‘ப’விலயும் இருக்கு. ‘ம’விலயும் இருக்கு. நாற்பத்தொரு இடம். நான் அடைச்சுட்டேன்.”

“அடைச்சுட்டீங்களா?”

“எல்லாத்தையும்.”

சென்னியம்மாள் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். அது ஓட்டையில்லை. அதற்கு அவர்கள் வீட்டில் கட்டு என்று பெயர்.

*

1987இல் அவருக்கு இருபத்து மூன்று வயது. அப்பா தறிக்காரர்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவர். அவருக்குக் கண் மங்கியதும் வேலை மகளின் கைக்கு வந்தது. அந்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் சுவாமிநாதன் ஒரு துண்டைப் பார்த்தார். துண்டின் ஓரத்தில் மாப்பிள்ளை, பெண் பெயர்கள் தறியிலேயே நெய்யப்பட்டிருந்தன. ஆறு மாதமாகத் தன் கம்ப்யூட்டருக்கு எழுத்து வரைந்து தோற்றுப்போயிருந்த மனிதர் அவர். அவர் வரைந்த ‘இ’ நசுங்கிய தகர டப்பா மாதிரி இருந்தது. ‘ஞ’வை அவராலேயே படிக்க முடியவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரித்து விசாரித்து வெண்ணந்தூர் வந்து சேர்ந்தார்.

“இத போட்டது யாருங்க?”

“நானுங்க.”

“அம்மிணி, இதே மாதிரி கட்டத்துல எனக்கு நூத்தியெழுபது எழுத்து வேணும். பதினாறு கட்டம் அகலம், பன்னெண்டு கட்டம் உயரம். அதுக்கு மேல ஒரு கட்டம் கூடாது.”

“அதென்னங்க நூத்தியெழுபது?”

“நாலு கேபி சிப். அதுக்கு மேல எடமில்ல.”

சிப் என்றால் என்னவென்று சென்னியம்மாளுக்கு அப்போது தெரியாது. எடமில்லை என்றால் தெரியும். சேலையின் பார்டருக்கும் தறியில் இத்தனை ஊசி, தாளில் இத்தனை கட்டம் என்று கணக்கு உண்டு. அதற்குள் மயிலும் வரவேண்டும், மயிலுக்குக் கழுத்தும் வரவேண்டும். கழுத்தைக் குறைத்தால் வாத்து என்பார்கள்.

மூன்று மாதம் வரைந்தார். நெடுங்கணக்கில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருக்க, நூற்று எழுபதுக்குள் அடக்குவது எப்படி? துணைக்காலைத் தனியாக வைத்தார். கொம்பைத் தனியாக வைத்தார். உகர, ஊகார எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டார். ‘கு’வுக்கும் ‘சு’வுக்கும் வால் ஒரே பக்கம் போவதில்லை என்பதைச் சுவாமிநாதன் அன்றுதான் கவனித்தாராம். பிள்ளையார் சுழிக்குத் தனியாக ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரன் வாங்கமாட்டான் என்று பிடிவாதம் பிடித்தார்.

“‘உ’ இருக்குதே சார். அதையே மேல போட்டா பிள்ளையார் கோவிச்சுக்குவாரா?”

ஓர் இடம் மிச்சமானது. அதில் ‘ஸ்ரீ’ உட்கார்ந்தது.

அவை அழகான எழுத்துகள் என்று துணிந்து சொல்ல முடியாது. ‘ஐ’ கால் மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். ‘ஞ’ கடைசிவரை சரிப்படவே இல்லை. ஆனால் ஒரு சொல்லை எழுதிப் பார்த்தால் எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்காமல், ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் நின்றன. துண்டில் பெயர் நெய்து பழகிய கைக்குத் தனி எழுத்து என்ற நினைப்பே இல்லை. வரிசைதான் நினைப்பு.

முதல் அடுக்குத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கே சுவாமிநாதன் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்துவிட்டார்.

“இதென்ன அம்மிணி, ‘ட’வுக்கு நடுக்கால் ஒடஞ்சு கெடக்குது?”

“கட்டுங்க சார். ஏழு கட்டத்துக்கு மேல நூல் பிடிப்பில்லாம மிதக்கக்கூடாது. நடுவுல ஒரு எடத்துல கீழ எறக்கிக் கட்டிப்போடோணும்.”

“கட்டலைன்னா?”

“மெட்டியில மாட்டுமுங்க. நடக்கையில மெட்டி மாட்டி நூலை இழுத்துரும். சேலையே போச்சு.”

சுவாமிநாதன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “டிவி பொட்டி மேல எவ மெட்டி போட்டுக்கிட்டு நடக்கப்போறா அம்மிணி?”

சென்னியம்மாளுக்கு முகமெல்லாம் சூடேறியது. அது பிழைதான். கண்ணாடித் திரையில் நூல் ஏது, மிதப்பது ஏது? கை தன் பழக்கத்தில் கட்டிப்போட்டுவிட்டது. நாற்பத்தொரு இடத்தையும் அடைத்துக்கொண்டு வருகிறேன் என்று தாளைக் கேட்டார். இருக்கட்டும், முதலில் ஓட்டிப் பார்ப்போம் என்றார் சுவாமிநாதன்.

மறுநாள் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தார்கள். அடைத்த ‘ட’ திரையில் வந்ததும் படுகோட்டின் வலது நுனியில் வெளிச்சம் வழிந்து ஒரு வால் முளைத்தது. எட்டு ஒன்பது புள்ளிகள் ஒரே வரிசையில் எரிந்தால் அந்தக் கால டிவி தாங்கவில்லை. ஒரு வரி நிறைய ‘ட’வும் ‘ம’வும் வந்தால் தண்ணீரில் நனைந்த மை மாதிரி எல்லாம் இழுபட்டது. கட்டு வைத்த ‘ட’வைப் போட்டார்கள். வால் இல்லை. அதைவிட ஆச்சரியம், ஓட்டையும் இல்லை. இரண்டு பக்கத்து வெளிச்சமும் கசிந்து அந்தக் காலிக் கட்டத்தைத் தானே மூடிக்கொண்டது.

“மெட்டி மாட்டுது அம்மிணி” என்றார் சுவாமிநாதன் மெதுவாக. “நெசமாவே மாட்டுது.”

அப்படியே சிப்பில் ஏற்றினார். அடுத்த வருடம் ஒரு பத்திரிகையில் அவருடைய பேட்டி வந்தது. எழுத்துகளைத் தானே ஒவ்வொரு புள்ளியாக வடித்ததாகச் சொல்லியிருந்தார். சென்னியம்மாள் அதைப் படித்தார். மடித்து வைத்தார். அப்போது பெரிதாகக் கோபம் வரவில்லை. அவர் போட்ட பார்டரைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பேர் கல்யாணத்துக்குப் போகிறார்கள். யார் போட்டது என்று எந்தச் சேலையிலும் எழுதியிருக்கவில்லை. மயில் மயிலாக இருந்தால் போதும் என்று வளர்ந்தவர் அவர். பெயர் போனாலும் எழுத்து அப்படியேதானே இருந்தது.

இப்போது வந்திருப்பது வேறு. இது எழுத்தின்மேல் கை வைக்கிறது.

*

“சித்தெ எந்திரிச்சு வாங்க சார்” என்று ஆனந்தகுமாரைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். “நீங்க அடைச்ச எழுத்தை என் மெஷின்ல ஏத்துங்க.”

ஏற்றினார்கள். நூற்று எழுபது எழுத்தும் திரையில் கட்டங்களாக விரிந்தன. அந்த மென்பொருளில் தறிக்காரர்களுக்கென்று ஒரு வசதி உண்டு. நிரப்பிய கட்டம் இத்தனைக்கு மேல் தொடர்ந்து போனால், நூல் மிதக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். சென்னியம்மாள் ஏழு என்று எண்ணைப் போட்டுப் பொத்தானைத் தட்டினார். திரையில் அங்கங்கே சிவப்புக் கோடுகள் எரிந்தன. ஓரத்தில் எண் வந்தது. 41.

ஆனந்தகுமார் தன் தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எந்த வரிசை, எந்தக் கட்டம், எல்லாம் அச்சாகப் பொருந்தின. அவர் படித்த மனிதர். இதற்கு அர்த்தம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படியெடுக்கிறவர் கை தவறினால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறும். இப்படி ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு தவறாது. எலக்ட்ரானிக்ஸ் படித்த சுவாமிநாதனுக்கு இந்த விதி தெரிந்திருக்கவும் வழியில்லை.

“அம்மா” என்றார். “இது படியெடுத்ததே இல்ல. நீங்கதான் வரைஞ்சிருக்கீங்க.”

“அதைத்தானுங்க சார் மூலையில எழுதி வெச்சிருக்கறேன்.”

“என்னை மன்னிச்சிருங்க. உதவின்னு போட்டதைத் தூக்கிடறேன். உங்க பேரையே பெருசா போட்டு வெளியிடறேன்.”

“கட்டு?” என்ற சென்னியம்மாள், மெட்டியில் தொடங்கி டிவியில் ஓட்டிப் பார்த்தது வரை சுருக்கமாகச் சொன்னார்.

ஆனந்தகுமார் தயங்கினார். “அது... அன்னைக்கு டிவிக்கு அது சரிம்மா. இன்னைக்கு செல்லுல வெளிச்சம் கசியாது. ஓட்டை ஓட்டையாத்தான் தெரியும். பாக்கறவன் பிழைன்னுதான் சொல்லுவான். நீங்களே சொல்லுங்க, அது பிழையாத்தானே வந்துச்சு?”

“பிழைதானுங்க. ஆனா என் பிழை.”

“அதனாலதான் திருத்தி...”

“சேர்வராயன் எழுத்துன்னு பேர் சொல்லித்தான வெளியிடறீங்க? சேர்வராயன்ல கட்டு இருந்துச்சு. நீங்க அடைச்சது வேற எழுத்து. அதுக்கு உங்க பேரைப் போட்டு உடுங்க. நான் எதுக்கு நடுவுல?”

“பேரு வேண்டாம்னா சொல்றீங்க?”

“அந்த எழுத்துக்கு வேண்டாமுங்க.”

கையெழுத்தில்லாத தாளோடு ஆனந்தகுமார் கிளம்பினார். வாசலில் செருப்பைப் போடும்போது, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேண்டும் என்றார். வாரேன் என்றார் சென்னியம்மாள்.

கார் போன பிறகு மாதேஸ்வரன் பேப்பரை மடித்தார். “முப்பத்தேழு வருசம் கழிச்சு ஒரு மனுசன் ஊடு தேடி வந்து பேர் போடறேங்கறான். ஒரு புள்ளிக்குப் போயி மல்லுக்கு நிக்கற.”

“ஒரு புள்ளி இல்லீங்க. நாப்பத்தொண்ணு.”

“யாருக்குடி தெரியப்போகுது?”

“நீங்க நெய்ஞ்ச சேலையில பத்து இழை அந்து போயிருந்தா, யாருக்குத் தெரியப்போகுதுன்னு மடிச்சுக் குடுத்துருவீங்களா?”

மாதேஸ்வரன் பேப்பரைக் கட்டிலில் போட்டார். “அது அந்துபோனது. நீ பேசறது ஓட்டையே வேணும்னு.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சென்னியம்மாள் இரண்டு நாள் அதை மனதில் போட்டுப் புரட்டினார். டிவி போய்விட்டது. வால் முளைக்கிற பிரச்சினையும் போய்விட்டது. காரணம் போன பிறகு கட்டு எதற்கு? ஆனால் காரணம் முதலிலும் இருக்கவில்லையே. மெட்டிக்காகக் கட்டினார், டிவிக்காக நின்றது. எந்தக் காரணமும் அவர் தேடிப் போனதில்லை. அந்த எழுத்தைப் பார்க்கிறவன் இது தறிக்காரி போட்டது என்று கண்டுகொள்ள அதில் இருப்பது அந்த ஒரு அடையாளம்தான். ‘ட’ ஊருக்கெல்லாம் பொது. ‘ப’வும் பொது. அடைத்துவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். அப்புறம் கீழே யார் பெயர் இருந்தால் என்ன?

வியாழக்கிழமை ஆனந்தகுமார் போனில், ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு எழுத்து இணையத்தில் ஏறுகிறது என்றார். கட்டைப் பற்றிக் கேட்டதற்கு, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

*

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிறிய மண்டபம். சென்னியம்மாளும் மாதேஸ்வரனும் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். நுழைந்ததும் எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. சேர்வராயன் எழுத்திலேயே, கறுப்புக் கட்டங்களால் பெரிது பெரிதாக அச்சடித்திருந்தார்கள்.

சேர்வராயன் 1987
கணினி: சுவாமிநாதன்
எழுத்து: சென்னியம்மாள்

“ஏ, உன் பேரு!” என்று மாதேஸ்வரன் செல்லை எடுத்தார்.

சென்னியம்மாள் பெயரைப் பார்க்கவில்லை. ‘ம்’மைப் பார்த்தார். அடிக்கோடு ஓடி முழுசாக இருந்தது. ‘மா’விலும் முழுசு. ‘ய’விலும் முழுசு.

பக்கத்து மேசையில் சேர்வராயன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனந்தகுமார் எங்கிருந்தோ அந்தக் காலத்து டிவி ஒன்றையும் பிடித்து மாட்டியிருந்தார். திரையில் வணக்கம் என்று வந்தது. ‘வ’வின் அடியிலும் ‘ம்’மின் அடியிலும் வெளிச்சம் வழிந்து வலப்பக்கமாக வால் தொங்கியது.

“மன்னிக்கணும்” என்று ஆனந்தகுமார் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். “டிவி பழசு. அதான் கொஞ்சம் இழுக்குது.”

“டிவி பழசில்லீங்க சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எழுத்து புதுசு.”

எல்லோரும் திரும்பினார்கள். சென்னியம்மாள் முன்னால் வந்து திரையைத் தொட்டுக் காட்டினார். “என் எழுத்தை இதே மாதிரி டிவியில இதே ஊர்ல ஓட்டிப் பாத்தோம். வால் இல்ல. பழைய சிப் வெச்சிருக்கறீங்கல்ல? மாட்டிப் பாருங்க.”

“அதைக் கழட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டோம்மா. இப்ப எடுக்க...”

“செரி, எடுக்க வேண்டாம்.”

அவர் கைப்பையைத் திறந்தார். அதற்குள் எப்போதும் இருக்கும் சாமான்கள்: கண்ணாடிக் கூடு, மாத்திரை, ஒரு வைட்னர் குப்பி. காகிதத்தில் வேலை செய்த காலத்திலிருந்து விடாத பழக்கம் அந்தக் குப்பி. மூடியைத் திருகிக்கொண்டே பலகைக்கு முன்னால் போனார். தன் பெயரிலுள்ள ‘ய’வின் அடிக்கோட்டைக் கட்டம் கட்டமாக எண்ணினார். ஐந்தாவது கறுப்புக் கட்டத்தின்மேல் வெள்ளையைப் பூசினார். ஓரம் பிசகவில்லை.

யாரோ ஒருவர், “ஏனுங்கம்மா, பலகையக் கெடுக்கறீங்க” என்றார்.

“கெடுத்ததைச் செரி பண்றனுங்க.”

‘ம்’மில் ஒன்று. ‘மா’வில் ஒன்று. பிறகு மேல் வரிக்குப் போனார். சுவாமிநாதன் பெயரில் ‘வா’வுக்கு ஒன்று, ‘மி’க்கு ஒன்று.

“அது சார் பேரும்மா” என்றார் ஆனந்தகுமார்.

“பேரு அவரோடது. எழுத்து என்னோடது.”

மாதேஸ்வரன் செல்லில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

தலைப்பிலிருந்த ‘வ’வையும் ‘ய’வையும் முடித்துவிட்டுச் சென்னியம்மாள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். கிட்டத்தில் ஏழு வெள்ளைப் பொட்டுகள். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் அவை கண்ணுக்குத் தெரியவே இல்லை. தூரம் அவற்றை மூடிவிட்டது. அதைச் சொல்லி வாதம் செய்திருக்கலாம். அவர் செய்யவில்லை. தெரிந்தாலும் இருக்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

மணி பதினொன்றே முக்கால். மேசைமேல் ஆனந்தகுமாரின் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் அந்தத் தாள், நாற்பத்தொரு பிழைகள்.

“ரெண்டையும் ஏத்தட்டுமாம்மா?” என்றார் ஆனந்தகுமார். குரல் இறங்கியிருந்தது. “உங்களோடது ஒண்ணு, திருத்தினது ஒண்ணு.”

“திருத்துனதுக்கு வேற பேரு வைங்க. உங்க பேரே நல்லாத்தான் இருக்குது, வைங்க. சேர்வராயன்னு ஒண்ணுதான் இருக்கோணும்.”

“ஆனா எடுக்கறவங்க ஓட்டையப் பாத்துட்டு எனக்குத்தானே எழுதுவாங்க? பிழை பிழைன்னு?”

“எழுதட்டும். மெட்டி மாட்டுமுன்னு பதில் போடுங்க.”

முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆனந்தகுமார் சிரிக்கவில்லை. பலகையையும் டிவியில் வழிகிற வாலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நாற்பத்தொண்ணையும் மறுபடி எடுக்கணும். எது எதுன்னு...”

“உங்க தாள்லயே இருக்குதே சார். வரிசை, கட்டம், எல்லாம் சுத்தமா எழுதியிருக்கறீங்க.”

சென்னியம்மாள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். வைட்னரால் தலைப்பின் இரண்டாவது சொல்லை முழுதாக அடித்தார். ஊதிக் காயவைத்தார். அதன்மேல் பேனாவால் ‘கட்டு’ என்று எழுதினார். அடியிலிருந்த பத்தியையும் விடாமல் பூசி மறைத்தார். பாதிப் பக்கம் வெள்ளையானது. கையெழுத்துக் கோடு மட்டும் மிஞ்சியது. அதில் பெயரை எழுதிவிட்டுத் தாளை அவரிடம் தள்ளினார்.

“பாத்து எடுங்க. ‘ட’வுல இருந்து ஆரம்பிங்க” என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். “நான் எங்கயும் போகல. முடிக்கற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

எழுத்து பன்னிரண்டு மணிக்கு ஏறவில்லை. ஒன்றே காலுக்கு ஏறியது.